பிரியாணி பூதம்

“பேர மட்டும் சொல்லும்மா. மத்தத வாப்பா பாத்துக்கிறேன்.”

பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திவிட்டுக் கௌஸ் முகைதீன் மூன்றாவது முறையாகக் கேட்டார். பின்சீட்டில் ஹிஃப்ஸா புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு. நான்கு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை.

“யாருமில்ல வாப்பா. ப்ளீஸ், வீட்டுக்குப் போயிரலாம்.”

யாருமில்லையாம். எவனோ இவள் படத்தை வைத்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் செய்திருக்கிறான். வகுப்புப் பிள்ளைகள் குரூப்பில் ஆரம்பித்து, இப்போது ஸ்கூல் பஸ் முழுக்க அதுதான் சிரிப்பு. இது அவர் காதுக்கு வர மூன்று வாரம் ஆகியிருக்கிறது. அதுவும் பிள்ளை தன் உம்மா ரம்ஸியாவிடம் அழுததால் தெரிந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, மகள் பாதிச் சோற்றில் எழுந்து போவதைக்கூடக் கவனிக்காத தகப்பன். நினைக்க நினைக்க அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

வெட்கம் வந்தால் சிலருக்குத் தலை குனியும். கௌஸ் முகைதீனுக்குக் குரல் உயரும். அன்றைக்கே மகளின் டேப்லெட்டைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார், வைஃபை பாஸ்வேர்டை மாற்றினார். “மூட்டப்பூச்சிக்குப் பயந்து வீட்டக் கொளுத்துறீங்க” என்று ரம்ஸியா சொன்னது காதில் ஏறவில்லை.

பிள்ளைகளுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரின் அறை வாசலில் மகளோடு காத்திருந்தபோது போன் சிணுங்கியது. கீழக்கரைச் சொந்தங்கள் குரூப்பில் மச்சான் ஸலாம் சொல்லியிருந்தார். கைப்பழக்கத்தில், அதே மச்சான் வாயைப் பிளந்து தூங்கும் ஸ்டிக்கரைத் தட்டிவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டார்.

“உக்காருங்க சார்” என்றார் கவுன்சிலர் பிருந்தா.

“உக்கார வரல மிஸ். கடைய அடச்சுட்டு வந்திருக்கேன். செஞ்சது யாருன்னு சொல்லுங்க. அவன் வாப்பாவ இங்க கூப்பிடுங்க. புள்ளைய இப்பிடித்தான் வளத்தியான்னு நான் மூஞ்சிக்கு நேரா கேக்கணும்.”

வெளியே உட்கார்ந்திருந்த இரண்டு தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். கௌஸ் முகைதீனுக்குக் காது சுட்டது. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

“எட்டாவது படிக்கிற பையன் ஒருத்தன்தான் இங்க பரப்பியிருக்கான். அவனக் கூப்பிட்டுப் பேசிட்டேன், அழிச்சுட்டான்” என்றார் பிருந்தா. “ஆனா செஞ்சது அவன் இல்ல. அவங்க அம்மா போன்ல ஏதோ குரூப்ல வந்துச்சாம். அதுக்கு முன்னாடி எங்க இருந்து வந்துச்சுன்னு ஹிஃப்ஸாவுக்குத் தெரியும்னு நெனக்கிறேன். வாயத் திறக்க மாட்டேங்குறா.”

“நீங்க கேட்டா சொல்ல மாட்டா. போலீஸ் கேட்டா சொல்லுவா. இந்த அரபு நாட்டுல இதையெல்லாம் சும்மா விட மாட்டாங்க மிஸ். ஒருத்தர் படத்தக் கேக்காம போட்டு அசிங்கப்படுத்துனா ஜெயிலு. விசா கேன்சல், ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க, கலாஸ், கத முடிஞ்சுது. வீட்டுலயும் தெனம் இதத்தான் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

ஹிஃப்ஸா சட்டென்று நிமிர்ந்தாள். “போலீஸ் வேணாம் வாப்பா.”

“நீ சும்மா இரு.”

“நாளைக்கே நான் கிளாஸுக்கு வந்துர்றேன் மிஸ். எனக்கு ஒண்ணுமில்ல. ஐயாம் ஃபைன். டேப்லெட்டும் வேணாம்.”

பிருந்தா அவளைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். “டேப்லெட்ட வாங்கிட்டீங்களா சார்?”

“பூட்டி வச்சிருக்கேன். நெட்டுனாலதான இம்புட்டு வம்பும்.”

“அவ அதுல படம் வரைஞ்சு போடுவா, தெரியுமா? எந்தெந்த நாட்டுப் பிள்ளைங்களோ பாத்துட்டுப் பாராட்டி எழுதுறாங்க. அவளப் பாத்து யாரும் சிரிக்காத எடம் இப்ப அது ஒண்ணுதான். அதப் போயி பூட்டிட்டீங்க. தப்புப் பண்ணவன் போன் இன்னும் அவன் பையிலதான் இருக்கு.”

மகள் படம் வரைவாள் என்பதே அவருக்குப் புதிய செய்தி. மூன்றாம் மனுஷி சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறதே என்று கூசிப்போனார்.

“சரி மிஸ். இன்னைக்கே குடுத்துர்றேன். கண்டிஷன் ஒண்ணும் போடல” என்றார். குரல் இறங்கியிருந்தது. “ஆனா அவன விட மாட்டேன். அது என்ன ஸ்டிக்கர்னு நானும் பாக்கணும்.”

“நீங்க இன்னும் பாக்கவே இல்லையா?”

“இவ காட்டுனாத்தானே.”

“காட்டாதீங்க மிஸ்.” ஹிஃப்ஸா எழுந்து மேசைமேல் இருந்த போனை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். “டிலீட் பண்ணிருங்க மிஸ், ப்ளீஸ்.”

“வாப்பாவுக்குத் தெரியட்டும்டா. அவர் ஒன்னத் திட்ட மாட்டாரு.” பிருந்தா அந்தக் கைகளை மெல்ல விலக்கி, போனை அவர் பக்கம் திருப்பினார்.

வாய் நிறையச் சோறும் கன்னம் நிறையக் கண்ணீருமாக ஹிஃப்ஸா. பின்னால் பச்சைத் திரைச்சீலை. கீழே கொட்டை எழுத்தில் ‘பிரியாணி பூதம்’.

கௌஸ் முகைதீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“யாரா இருக்கும்னு உங்களுக்கு ஏதாவது தோணுதா சார்?”

அவருக்குத் தலை குனிந்தது. போன பெருநாளைக்கு அவர் வீட்டுக் கூடத்தில் எடுத்த படம் அது. சொந்தங்கள் சிரிக்கட்டும் என்று அந்த இரண்டு வார்த்தையையும் எழுதிச் சேர்த்து ஸ்டிக்கராக்கி, குரூப்பில் முதலில் போட்டவர் அவர்தான்.

ஹிஃப்ஸா அவர் காதோரம் குனிந்து கிசுகிசுத்தாள்: “சொல்லிராதீங்க வாப்பா. உங்கள ஊருக்கு ஏத்தி விட்டுருவாங்க.”