வடக்கு மூலை

இடுக்கு காலியாக இருந்தது.

அவள் பைனாகுலரை இறக்கவில்லை. பாறையில் வெள்ளையாக எச்சக் கறை. அதுவும் காய்ந்தது.

சென்ற மாதம் அதே இடுக்கில் கொம்பன் ஆந்தை இருந்தது. வயிற்றுக்கடியில் பஞ்சுருண்டை போல ஒரு குஞ்சு. இடத்தின் பெயரைச் சொல்லாமல்தான் இயற்கைக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள்.

படத்தின் ஓரத்தில் பக்கத்துக் கல் உடைக்கும் கிரஷரின் நீலக் கூரை தெரிந்தது. அவள் கவனிக்கவில்லை. படம் எங்கெங்கோ போனது. கவனித்தவர்கள் கவனித்தார்கள்.

மறு ஞாயிறு, கைவிடப்பட்ட இந்தப் பாறைக்குழியின் விளிம்பில் நான்கு கார்கள். ஒருவர் கைப்பேசியில் ஆந்தைக் குரலை ஒலிக்கவிட்டாராம். குஞ்சு நிமிர்ந்து பார்க்கட்டும் என்று ஒருவர் கல்லெறிந்தாராம்.

அதன்பின் ஆந்தையை யாரும் பார்க்கவில்லை.

கழகத்தில் யாரும் அவளைத் திட்டவில்லை. படத்துக்குப் போட்டிருந்த கட்டைவிரல் குறிகளை மட்டும் ஒவ்வொருவராக எடுத்துவிட்டார்கள்.

இன்றைய நடையில் நான்கு பேர். செயலாளர் சென்னியப்பன். தபால் அலுவலகத்து ஜோதிமணி அக்கா. அவள். போன வாரம் கழகத்தில் சேர்ந்த புதியவர் ஒருவர், முழங்கை நீள லென்ஸுடன்.

"ஆந்தை எந்தப் பக்கங்க?" என்றார் புதியவர்.

"அது போயி மூணு வாரம் ஆச்சுங்க," என்றார் ஜோதிமணி. அவள் பக்கம் திரும்பாமல்.

அவள் பைனாகுலரைக் குழியின் வடக்கு மூலைக்குக் கொண்டுபோனாள். மேலிருந்து கீழே. இடமிருந்து வலம். முள்புதர். நிழல். கல்.

கல்லுக்குக் கண் இருந்தது.

ஆரஞ்சு நிறக் கண். மேலே இரண்டு இறகுக் கொம்புகள். அருகில் பாதி இறகு முளைத்த இன்னொரு தலை. அதன் அலகில் ஓர் எலி வால், கடைசி அங்குலம்.

வால் உள்ளே போனது.



முதலில் பார்ப்பவர் குரல் கொடுக்க வேண்டும். கழகத்தின் வழக்கம் அது.

அவள் குரல் கொடுக்கவில்லை. அதே வேகத்தில் பைனாகுலரை வலப்பக்கம் நகர்த்தினாள். அடுத்த புதர். அடுத்த நிழல். முகம் தெரிந்துவிடக் கூடாது என்று அதை இறக்காமலே நின்றாள்.

இறக்கியபோது, சென்னியப்பனின் பைனாகுலர் வடக்கு மூலையை நோக்கி நின்றிருந்தது.

நகர்ந்தது.

ஜோதிமணியுடையதும் அங்கே வந்தது. நின்றது. நகர்ந்தது.



புதியவர் லென்ஸைப் பாறையை நோக்கி உயர்த்தினார்.

"அட, இங்க வாங்க! சீக்கிரம்!"

சென்னியப்பன்தான். முதுகுக்குப் பின்னால் இருந்த குட்டையைக் காட்டினார். எல்லோரும் பாறையை விட்டுத் திரும்பினார்கள்.

ஒரு முக்குளிப்பான்.

"இது எல்லாக் குட்டையிலயும் கெடக்கறதுதானுங்க சார்?" என்றார் புதியவர்.

"ஏனுங்க, இது முங்கறதப் பாத்திருக்கீங்களா?" என்றார் ஜோதிமணி. "லென்ஸை இப்பிடித் திருப்புங்க. விட்டா எப்பப் பாக்கறது!"

முக்குளிப்பான் முங்கியது.

மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். வேறு வழியில்லாமல் புதியவரும்.

எழுந்தது. ஜோதிமணி கைதட்டாத குறை.

சென்னியப்பன் பையிலிருந்து கழகத்தின் பறவைக் கணக்கு நோட்டை எடுத்தார். எப்போதும் அவள் எழுதுவது; மூன்று வாரமாக அதை அவரே எழுதிக்கொண்டிருந்தார். இன்று அவளிடம் நீட்டினார்.

"எழுதும்மா. முக்குளிப்பான், ஒண்ணு."

அவள் பேனாவைத் திறந்தாள்.

"வேற?" என்றாள்.

அவர் குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற ஒண்ணுமில்ல."

அவள் எழுதினாள். அடியில் கோடு போட்டாள்.