வேற கம்பெனி பம்பு

"அந்தப் பம்ப கழட்டு மாமா. இப்பவே."

ஐரீன் சொன்னதும் பாஸ்கலின் ஒர்க் ஷாப்பில் சுத்தியல் சத்தம் நின்றது. பாஸ்கலிடம் எதை வேண்டுமானாலும் கேள், அந்தப் பம்பைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று அவள் அப்பா சவரிநாதன் பல தடவை சொல்லியிருந்தார். இன்று அப்பா இல்லை. டாக்சியை ஆயில் மாற்ற விட்டுவிட்டு, அம்மாவோடு வண்ணாரப்பேட்டைக்கு இவள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போயிருந்தார்.

பாஸ்கல் பானட்டுக்குள்ளிருந்து தலையை எடுத்தார்.

"நல்லா ஓடிக்கினு கீற வண்டி. இன்னாத்துக்குமா கழட்டணும்?"

அவள் கோணிப்பையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். டாக்சியின் இன்ஜின் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியின் புது டீசல் பம்பு. மவுண்ட் ரோடு கடையில் சொல்லி வைத்து, மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கியது.

பெட்ரோல் விலை எகிறியபோது சவரிநாதன் டாக்சிக்கு டீசல் இன்ஜின் வைத்தார். வைத்த கொஞ்ச நாளிலேயே அதன் பம்பு போய்விட்டது. இன்ஜினுக்கு எவ்வளவு டீசல், எப்போது என்று அளந்து கொடுப்பது அதுதான். அது இல்லாமல் வண்டி வெறும் தகரம். புதுசு எங்கும் கிடைக்கவில்லை. டாக்சி வாசலில் நின்றது. ஐரீன் அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்தாள். படித்தது போதும், தெருக்கோடித் தையல் கடைக்குப் போகட்டும் என்று வீட்டில் பேச்சு வந்துவிட்டது.

அந்த வாரம்தான் பாஸ்கல் எங்கிருந்தோ வேறு கம்பெனி பம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். போல்ட்டு ஓட்டைகூடப் பொருந்தவில்லை. தண்டையார்பேட்டை மெக்கானிக்குகள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் தகடு வெட்டி, அரத்தால் ராவி, பொருத்திவிட்டார். எங்கே கிடைத்தது என்று சவரிநாதன் கேட்டதற்கு, கேக்காத, ஓட்டு என்று சொன்னதோடு சரி. ஹார்பரில் கழித்துப் போட்ட சாமானாயிருக்கும் என்று தெருவே முடிவு கட்டியது. பம்பு தேவைக்கு மேல் டீசலை ஊற்றியது. வண்டி கரும்புகை கக்கியது, பிள்ளைகள் கரி வண்டி என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். பாஸ்கல் கொஞ்சம் கொஞ்சமாக டீசலைக் குறைத்துச் சரிசெய்தார். அந்த ஓட்டத்தில்தான் ஐரீன் பிஸிக்ஸ் படித்து முடித்தாள். அந்த வீட்டில் காலேஜ் வாசலைப் பார்த்த முதல் ஆள். இப்போது எண்ணூரில் ஒரு ஃபேக்டரி லேபில் வேலை.

மெக்கானிக் லட்சுமணன் இளித்தான். "மாப்ள வூட்டுக்காரங்க பானட்ட தொறந்து பாக்கப் போறாங்களா இன்னா? பொண்ணு சர்ச்சுக்குப் போற வண்டில கலீஜ் பம்பு கீதுன்னு பேஜாராயிடுமா?"

"உன் வேலயப் பாரு" என்றாள் ஐரீன்.

பாஸ்கல் முகம் சுருங்கிவிட்டது. "கம்பெனி சாமான் வந்ததும் நம்ம பம்பு கசந்துடுச்சாமா?"

"கழட்டுறியா, நானே ஸ்பேனர் எடுக்கட்டுமா?"

அவர் லட்சுமணனைத் தொடவிடாமல் தானே கழற்றினார். தன் கையால் ராவிய தகட்டை மட்டும் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பின்னால் தார்ப்பாய் மூடிக் கிடந்த காரின்மேல் சோற்று டப்பாவை வைத்துக்கொண்டு லட்சுமணன் சாப்பிட ஆரம்பித்தான். அது பாஸ்கலின் சொந்தக் கார். ஊருக்குத் திரும்பிய கப்பல் இன்ஜினியர் ஒருவர் விற்றுவிட்டுப் போன வெளிநாட்டு டீசல் வண்டி. அதில் பாஸ்கல் டர்போ வைத்திருந்தார். இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் சாமான் அது. காற்று கூடினால் டீசலும் கூட வேண்டும், அதற்கும் வழி பண்ணியிருந்தார். ஒரு காலத்தில் அவர் திருவொற்றியூர் ரோட்டில் வருகிறார் என்றால் டீக்கடையில் எழுந்து நின்று பார்ப்பார்கள். பிறகு திடீரென்று ஒருநாள் காரைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். கேட்டால், ரிங்கு போச்சு, சீமையிலிருந்து வரணும் என்பார். வருஷங்கள் ஓடிவிட்டன. இப்போது ஒர்க் ஷாப்புக்கு அதுதான் சாப்பாட்டு மேஜை.

மதியத்துக்கு மேல் புதுப் பம்பை மாட்டி டாக்சியை ஸ்டார்ட் பண்ணினார். ஒரே தொடலில் பிடித்தது. புகையே இல்லை.

"எட்த்துனு போமா. நல்லா இரு. பழச ஓரமா போடு, காய்லாங்கடக்காரன் வருவான்."

ஐரீன் பழைய பம்பை அதற்குள் தூக்கிவிட்டிருந்தாள். புடவையில் டீசல் சொட்டியது. பின்பக்கம் நடந்தாள். லட்சுமணனின் டப்பாவை எடுத்து அவன் கையிலேயே கொடுத்தாள். தார்ப்பாயை இழுத்தாள்.

"அத்த தொறக்காத ஐரீனு." பாஸ்கல் ஓடி வந்தார்.

பானட்டைத் திறந்துவிட்டாள். டர்போவுக்குக் கீழே, பம்பு இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. டீசல் குழாய்களின் வாயில் துணி கட்டியிருந்தது.

லட்சுமணன் பிசைந்த சோற்றை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"டர்போவுக்குன்னு அவ்ளோ டீசல் ஊத்துற பம்பு இந்தத் தண்டையார்பேட்டைல எத்தன கீது மாமா? எனக்கு மண்டைல ஏற ஒரு டிகிரி வேண்டியிருந்திச்சு." கோபமாகத்தான் சொன்னாள். கண்ணை மட்டும் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கப்பன் வாங்கிக்குவானா?"

அவள் அந்தக் காலி இடத்தில் பம்பை இறக்கி வைத்தாள். கோணிப்பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். கேட்டுக்கு அந்தப்பக்கம் போன பிறகுதான் குரல் வந்தது.

"அடுத்த மாசம் நான் சர்ச்சுக்கு வர்றது டாக்சில இல்ல, இந்தக் கார்ல. நீதான் ஓட்டுற. அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்."