மூன்றாவது தட்டு

"இன்னிக்கு அந்த ஆளோட மூக்கு உடையணும்மா. அதப் பாக்கத்தான் உன்னக் கூட்டிட்டு வந்தேன்" என்றாள் காத்ரின்.

 அம்மா ரோஸ்விதா, எழுபது தாண்டியவள், கோட்டைக்கூடக் கழற்றாமல் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

லைப்சிக் வானொலி அரங்கம். ஞாயிறு காலை பதினொரு மணி. ஒரே இசையை மூன்று பேர் வாசித்த பதிவுகளை, யார் வாசித்தது என்று சொல்லாமல் போடுவார்கள். மேடையில் இருக்கும் விமர்சகர்கள் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெயர்கள் ஒட்டிய உறைக்குள் இருக்கும். ஜெயித்த பதிவு புது சி.டி.யாக வெளிவரும்.

இன்றைக்கு, பெரிய வயலின் போன்ற செல்லோவுக்காக லோமன் எழுதிய ஒரு சொனாட்டா. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மனிதர். பெரிய பெயர்களுக்கு நடுவே ஊர் உலகம் மறந்துபோனவர். அந்த சொனாட்டாவைத்தான் ரோஸ்விதா நாற்பது வருஷத்துக்கு முன்னால், கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது, தட்டாகக் கொடுத்திருந்தாள். அவளுடைய ஒரே இசைத்தட்டு. அம்மாவிடம் மூச்சுவிடாமல் அதை வானொலிக்கு அனுப்பி வைத்ததே காத்ரின்தான்.

அவள் குறியெல்லாம் மேடையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்த டாக்டர் ஓஸ்வால்டின் மேல். தட்டு வந்த மறு வருஷம் ரோஸ்விதாவின் கச்சேரியைக் கேட்டுவிட்டு, "விறகு அறுக்கிறார்" என்று பத்திரிகையில் எழுதிய புண்ணியவான். அதற்கப்புறம் அம்மாவைத் தனிக் கச்சேரிக்கு ஒரு நாய்கூடக் கூப்பிடவில்லை. ஆர்கெஸ்ட்ராவின் கடைசி வரிசையில் முப்பது வருஷம் போய்விட்டது. ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட பாவி என்று அவரைத் திட்டியே வளர்ந்தவள் காத்ரின்.

முதல் பதிவு முடிந்தது.

"கடைசி டிராமைப் பிடிக்க ஓடற மாதிரி இருக்கு" என்றார் ஓஸ்வால்ட். அரங்கம் சிரித்தது.

இரண்டாவது.

"கேக் மேல க்ரீம், க்ரீம் மேல சர்க்கரை. எனக்குத் திகட்டிடுச்சு."

மூன்றாவது தொடங்கியது. இந்தச் செல்லோ அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி மனம்விட்டுப் பேசுவதுபோல் இருந்தது. அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. ரோஸ்விதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். 

ஓஸ்வால்ட் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுதான். இதுக்குப் பக்கத்துல வெக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

மற்ற இரண்டு விமர்சகர்களும் தலையாட்டினார்கள். நிகழ்ச்சி நடத்துபவர் உறையைப் பிரித்துப் படித்தார்.

"ரோஸ்விதா க்ராமர்!"

காத்ரின் துள்ளி எழுந்தாள்.

"அவங்க இங்கதான் இருக்காங்க, டாக்டர். எங்கம்மா! விறகு அறுக்கறாங்கன்னு எழுதினீங்களே, அவங்கதான். இப்ப என்ன சொல்றீங்க?"

ஓஸ்வால்ட் ரோஸ்விதாவையே பார்த்தார்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா, மேடம்?"

ரோஸ்விதா எழுந்தாள். உதடு அசைந்தது. "ரொம்ப நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஓஸ்வால்ட் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அப்படின்னா நான் எழுதினது தப்பு. எல்லார் முன்னாடியும் கேக்கறேன், மன்னிச்சுடுங்க."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

வெளியே, கழற்றிக் கொடுத்த கோட்டைத் திரும்ப வாங்கும் இடத்தில் காத்ரின் அவரை மடக்கினாள். ஜெயித்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை.

"ஒரு தப்ப ஒத்துக்க நாப்பது வருஷமா டாக்டர்?"

"நான் எழுதினதுல தப்பே இல்லம்மா" என்றார் அவர், குரலை உயர்த்தாமல். "மேடையில உங்கம்மா விறகுதான் அறுத்தாங்க. தட்டுல வாசிச்சது அவங்க இல்ல."

"என்ன உளர்றீங்க?"

"என் பெண்டாட்டி குட்ரூன் வாசிச்சது. பதிவு முடிஞ்ச வாரமே எல்லை தாண்டி மேற்கு ஜெர்மனிக்கு ஓடிட்டா. ஓடிப்போனவ பேர்ல தட்டுப் போட அரசாங்கம் விடுமா? அவகூடப் படிச்ச சிநேகிதின்னு உங்கம்மா பேரைப் போட்டுட்டாங்க. அவங்களும் சரின்னுட்டாங்க. அந்தக் காலத்துல முடியாதுன்னு சொல்லவும் முடியாது. நானே வாயை மூடிட்டுத்தான் இருந்தேன். ஆனா எல்லைச் சுவர் இடிஞ்சதுக்கப்புறம், உண்மையச் சொல்லுங்கன்னு உங்கம்மாவுக்கு வருஷா வருஷம் லெட்டர் போட்டேன். ஒண்ணுக்கும் பதில் இல்ல."

"பொய்! அப்படின்னா எதுக்கு மன்னிப்புக் கேட்டீங்க?"

"எங்கிட்ட ஆதாரம் இல்லயே. தகராறுன்னு தெரிஞ்சா ரேடியோக்காரங்க இத ஒதுக்கிட்டு அந்த ரெண்டாவதப் போட்டுடுவாங்க. போன எடத்துல அவளுக்கு ஒரு மேடையும் கெடைக்கல. செத்தும் போயிட்டா. அவ வாசிச்சதுல மிச்சம் இது ஒண்ணுதான். எவ பேர்லயாவது நாலு பேர் கேக்கட்டும்."

காத்ரின் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்துக்கு நடுவில், கையில் பூங்கொத்தோடு, அம்மா இவர்கள் இருவரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளின் கண்ணைச் சந்தித்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று காத்ரினுக்குத் தெரிந்துவிட்டது. 

அதற்குள் வானொலிப் பெண் ஒருத்தி காகிதத்தோடு ஓடிவந்தாள்.

"மேடம், புது சி.டி. அட்டையில போடற பேரு. சரியா இருக்கான்னு பாத்து ஒரு கையெழுத்து வேணும். அம்மா உங்களையே போடச் சொன்னாங்க."

கொட்டை எழுத்தில் ரோஸ்விதா க்ராமர் என்று இருந்தது. காத்ரின் நடத்தும் செல்லோ பள்ளியின் வாசல் பலகையிலும் இதே பெயர்தான். நூற்றுப் பத்துப் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

 ஓஸ்வால்ட் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி அப்படியே நின்றார்.

காத்ரின் பேனாவை வாங்கினாள்.

"பேரு சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.