சுவர் கட்டாதவள்

இன்பராஜ் பல் தேய்த்தான், புளித்த மாவில் தோசை ஊற்றித் தின்றான், கணினியைத் திறந்தான். கோட்டை பிடிக்கும் விளையாட்டுக் குழுவின் ஞாயிற்றுக்கிழமைப் போட்டியைத் திட்டமிடுவது அவன் பொறுப்பு. ஆட்டம் தொடங்கியதுமே எதிரி மேல் பாய வேண்டும், அதுதான் சவால். எதிரியாக, குழுவில் இறந்துபோன யாராவது ஒருவரின் நிழல் ஆடும். இந்த முறை குலுக்கலில் வந்தது ஷெர்லி, அவன் மனைவி.

அவர்கள் உயிரோடு இருந்தபோது ஆடியதைப் பார்த்துக் கணினி உருவாக்கிய நிழல்கள் அதேபடி ஆடும். தோற்றால் மட்டும் திருந்திவிடும்.

"மாப்ள, தங்கச்சி சுவரே கட்டாதுல்லா. அஞ்சு நிமிஷத்துல காலி," என்றான் குழுவில் கூட ஆடும் காஜா. "அப்புறம் அதுவும் எல்லாரையும் மாதிரி ஒழுங்கா கட்ட ஆரம்பிச்சிரும்."

ஒழுங்கான ஷெர்லி இன்பராஜுக்கு வேண்டாம். போட்டிக்கான வரைபடத்தை மாற்றினான். ஷெர்லியின் கோட்டையைச் சுற்றி இப்போது கடல்.

"ஏல, கப்பல் கட்டவே அரை மணி நேரம் ஆகும். எப்படில உடனே பாய? நீந்தியா போக?" என்றான் காஜா.

"நீந்து."

அறுவை சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு போன அன்றும் ஷெர்லி போனில் ஆடிக்கொண்டுதான் இருந்தாள். வாசலில் நர்ஸ் முறைத்ததும் போனை அவனிடம் நீட்டினாள்.

"ஏ பயந்தாங்கொள்ளி, சுவர் கிவர் கட்டி வச்சிராத. மிச்சத்த நான் வந்து ஆடிக்கிடுதேன்."