மோட்டாருக்குப் பிடித்த கம்பி

ஒரு மாவு மில்லில் பெரிய மோட்டார் ஒன்று இருந்தது. சுவர்ப் பெட்டியில் இருந்த மெல்லிய ஃபியூஸ் கம்பி வழியாகத்தான் அதற்கு மின்சாரம் வரும். ஈர அரிசி அடைத்துக்கொண்டு மோட்டார் திணறினால் கம்பி உருகி அறுந்துவிடும். மெக்கானிக் சூசைமாணிக்கம் வந்து அதே மாதிரி வேறொன்றைக் கட்டுவார்.

“உங்க வம்சத்துக்கே தாங்கற சக்தி கிடையாதா?” என்று மோட்டார் ஒருநாள் சிடுசிடுத்தது.

“நான் தாங்கினா நீங்க தாங்கமாட்டீங்கண்ணே” என்றது கம்பி.

தீபாவளி வாரத்தில் கம்பி மறுபடி அறுந்தது. மெக்கானிக் வெளியூரில் இருந்தார். வாசலில் நீண்ட வரிசை. மில்காரி வேலம்மாள் தடித்த செப்புக் கம்பி ஒன்றை எடுத்து, தானே முறுக்கிக் கட்டினாள்.

“எவ்வளவு வேணும்னாலும் இழுங்கண்ணே, நான் விடமாட்டேன்” என்றது புதுக் கம்பி.

“நீதான்டா ஆம்பளை!” என்று மோட்டார் பூரித்தது.

மூன்றாம் நாள் ஈர அரிசி வந்தது. அரைக்கும் கல் இறுகி நின்றது.

“தம்பி, உடம்பெல்லாம் எரியுது. கொஞ்சம் விடுடா.”

“பயப்படாதீங்கண்ணே, நான் இருக்கேன்ல!”

மில் முழுக்கப் புகை சூழ்ந்தது. வேலம்மாள் ஓடிவந்து மெயினை அணைத்தாள்.

மறுநாள் சூசைமாணிக்கம் மோட்டாரைப் பிரித்து, உள்ளே கருகிய காயில் சுருளைக் கொத்தாக வெளியே இழுத்துப் போட்டார்.

“பாத்தீங்களாண்ணே, கடைசிவரைக்கும் நான் விடவே இல்லை” என்றது பெட்டிக்குள்ளிருந்த கம்பி.