ஷெரோமியின் இறால் பாண்

சீஸ் உருகிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே என் வயிறு எரியத் தொடங்கிவிட்டது.

ஓவனுக்குள் நாலு துண்டு பாண். மேலே பட்டரில் வதக்கிய இறாலும் வெங்காயமும், அதற்கும் மேலே துருவிய சீஸ். இன்னொரு பாணால் மூடக்கூடாதாம், திறந்தபடியேதான் சாப்பிடவேண்டுமாம். ஷெரோமி அப்படித்தான் செய்வாளாம்.

ஷெரோமி என் கணவர் சுகிர்தனின் கந்தோரில் வேலை செய்பவள். ஹெந்தளையில் தனியாக வீடெடுத்து இருக்கிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு அவள் பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த இறால் பாணில் இவருக்கும் ஒரு துண்டு கிடைத்ததாம். அன்றிலிருந்து என் புட்டுக்கு உப்புக் குறைவு, சொதிக்குப் புளி கூட. வேண்டாப் பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம்.

எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து என்ன காணப்போகிறேன்? பாணில் இறாலை வைத்து ஒருத்தி என் இத்தனை வருடச் சமையலை வென்றுவிட்டாள் என்று நினைக்க ஆத்திரமாக வந்தது. இன்று வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் நல்ல இறாலாகப் பார்த்து வாங்கிவந்தேன். இன்று வியாழன். நாளைக்கென்று விட முடியாது.

வெள்ளிக்கிழமையில் இவர் சுத்த சைவம். மீன் மச்சம் சமைக்கிற சட்டிகூட அடுப்பில் ஏறக்கூடாது.

மகள் வயிற்றில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை இறால் பொரியலுக்கு எனக்கு நாக்கு ஊறியது. மசக்கை என்று கெஞ்சிப் பார்த்தேன். விரத நாளில் இந்த வீட்டுக்குள் மச்சம் வராது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டார். பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு அழுதேன். பிறகு, என்ன பக்தி பாருங்கள் என்று ஊரெல்லாம் நானே பெருமை பேசித் திரிந்தேன்.

தட்டைக் கொண்டுவந்து அவர் முன் வைத்தேன்.

ஒரு கடி கடித்தார். சீஸ் நூலாக இழுபட்டது. கண்ணை மூடிக்கொண்டு மென்றார். அதே ருசி என்றார்.

வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

இரண்டாவது துண்டை எடுத்தபடி வாய் நிறையப் பாணோடு சொன்னார்.

“இதை அடுப்பால எடுத்த கையோட சாப்பிடவேணும், பாரும். அண்டைக்கு அந்தப் பெரிய மழைக்குள்ளயும் கையில பிடிக்கேலாத சூடு.”

சாப்பாட்டுப் பெட்டியில் ஆறிப்போய் வந்த பாண் எப்படிக் கை சுடும்?

பெரிய மழை போன கிழமைதான் பெய்தது. பஸ் ஓடவில்லை, கந்தோரிலேயே மாட்டுப்பட்டுவிட்டேன் என்று நனைந்தபடி வீட்டுக்கு வந்தார். கால் கழுவினார். திருநீறு பூசினார். நான் ஆக்கி வைத்திருந்த பருப்பையும் கீரையையும் பசியில்லை என்று தள்ளி வைத்தார். விரதக் களைப்பாக்கும் என்று நான் பால் காய்ச்சிக் கொடுத்தேன்.

மிச்ச இறாலை நாளைக்கும் இப்படியே செய்து தரட்டுமா என்று கேட்டேன்.

திடுக்கிட்டு நிமிர்ந்தார். “என்ன கதை கதைக்கிறீர்? நாளைக்கு வெள்ளியெல்லே.”

“ஓம். அந்த மழையும் வெள்ளியிலதான் பெஞ்சது.”

பாண் பிடித்த கை வாய்க்குப் போகாமல் நின்றது.

அவள் வீட்டுக்குப் போனதைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொள்வேனோ என்னவோ. வயிற்றுப் பிள்ளையோடு நான் அழுதபோது முறியாத விரதம் அது.