பேரவையின் பெட்டி எழுத்துகள்

“இன்னும் அப்படியேதாம்மா இருக்கு. ஒரே பெட்டி பெட்டியா, மேல மேல புள்ளி வெச்சு.”

போனில் ஜெயவேலு இதைச் சொன்னதும் தர்ஷினிக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று நாளில் இது ஏழாவது தடவை.

பெங்களூரு அடுகோடியில் ஒரு சின்னக் கம்பெனியில் வெப்சைட் செய்யும் வேலை அவளுக்கு. சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது. பிரேசர் டவுன் பைந்தமிழ்க் காப்புப் பேரவையின் பழைய வெப்சைட்டைப் புதுப்பிப்பதுதான் அவள் தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை.

பேரவைச் செயலாளர் ஜெயவேலுவிடமிருந்து ‘ஓகே’ என்று ஒரு மெயில் வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் சொந்த ஊரான வேலூருக்கு டிக்கெட் போட்டுக்கொள்ள வேண்டியதுதான் என்று மேனேஜர் பாலகுமார் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். கெடு இன்று மாலை ஐந்து மணி.

திங்கட்கிழமை கோளாறு இருந்தது உண்மை. பழைய டேட்டாபேஸிலிருந்து எடுத்த ஃபைலைப் புதிய வெப்சைட்டில் ஏற்றியதும், ‘தமிழே எங்கள் உயிர்மூச்சு’ என்று இருக்கவேண்டிய இடத்தில் தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்தும் கேள்விக்குறியுமாக வந்து நின்றது. ஃபைலை எடுக்கும்போதே யுடிஎஃப்-8 என்று எழுத்துமுறையைக் குறிப்பிடாமல் விட்ட வினை. அன்று சாயங்காலமே ஃபைலை ஒழுங்காக எடுத்து மறுபடி ஏற்றிவிட்டாள்.

அவள் கம்ப்யூட்டரில் பளிச்சென்று தமிழ். பாலகுமார் போனிலும் தமிழ். ஜெயவேலுவிடம் மட்டும் பெட்டி.

“உங்க கம்ப்யூட்டர்ல தமிழ் ஃபாண்ட் இல்லையோ என்னமோ, சார்.”

“சார்னு சொல்லாதம்மா, அய்யான்னு சொல்லு. நாமளே தமிழை மதிக்கலைன்னா வேற யாரு மதிப்பாங்க?”

அய்யாவுக்காக வேறு ஃபாண்ட் போட்டாள். வேறு பிரவுசரில் திறக்கச் சொன்னாள். இரண்டு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்து, ஃபைலை மூன்று விதமாக எடுத்து ஏற்றினாள். எதற்கும் பதில் ஒன்றுதான்: “இன்னும் கொஞ்சம் பாரும்மா.”

“அந்த ஆளோட மச்சான் கம்மனஹள்ளில வெப்சைட் கம்பெனி வெச்சிருக்கான். அவனுக்கு வேலையைத் தள்ளிவிடத்தான் இந்த இழுப்பு” என்றார் பாலகுமார்.

நாலு மணிக்கு தர்ஷினி பொறுமை இழந்து ஆட்டோ பிடித்தாள். டிராஃபிக்கில் நகர்ந்து நகர்ந்து பேரவை அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மணி நாலே முக்கால். சுவர் கொள்ளாமல் ஜெயவேலு மேடையில் முழங்கும் போட்டோக்கள். எல்லாவற்றிலும் ஒரு பொன்னாடை.

“ஸ்வல்ப, கொஞ்சம் இரும்மா” என்றபடி கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். “நீயே பாரு. நாளைக்கு ஆண்டு விழா. மெட்ராஸ்லருந்து பெரிய புலவர் ஒருத்தர் வர்றாரு, அவர்தான் இதைத் திறந்து வெக்கப் போறாரு. தப்பும் தவறுமா இருந்தா என் மானமே போயிடும்.”

பார்த்தாள். ஒரு கால், ஒரு கொம்பு பிசகாத தமிழ். பாலகுமார் சொன்னது சரிதான் என்று தோன்றியதும் அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“அய்யா, உங்க மச்சானுக்குத்தான் இந்த வேலையைக் குடுக்கணும்னா நேரா சொல்லிடுங்க. என்னை ஏன் இப்படி அலைக்கழிக்கறீங்க? அஞ்சு மணிக்குள்ள உங்க ஓகே வரலைன்னா என் வேலையே போயிடும்.”

“வேலை போயிடுமா?” ஜெயவேலு ஆடிப்போய்விட்டார். “இதை ஏம்மா மொதல்லயே சொல்லல?”

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மெயிலைத் திறந்தார். இங்கிலீஷில் ‘ஓகே’ என்று இரண்டே எழுத்து தட்டி, பாலகுமாருக்கு அனுப்பினார்.

தர்ஷினிக்கு உயிர் வந்தது. கூடவே கோபமும் வந்தது. “ஒரு வரி கூடப் படிச்சுப் பாக்காம அனுப்பிட்டீங்க. இதை மொத நாளே செஞ்சிருக்கலாமே, அய்யா?”

சாத்திய கதவை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு, ஜெயவேலு குரலைத் தாழ்த்தினார்.

“கன்னட மீடியத்துல படிச்சவன்மா நான். இதைப் படிக்கத் தெரிஞ்சா மொத நாளே அனுப்பியிருக்க மாட்டேனா?”